புதுக் கணினியில் ராம் தகராறு: மாற்றுவதா, வேகத்தைக் குறைப்பதா, இன்னும் தோண்டுவதா?

என் சித்தப்பா மகன் மதுரையில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறான். அவனுக்கு வேண்டிய பாகங்களைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிக்கொண்டு போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டிலேயே கணினியை அசெம்பிள் செய்து கொடுத்தேன். ரைசன் 7 7700 ப்ராசஸர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி ராம் ஸ்டிக் நான்கு, ஆக 64 ஜிபி. புதன்கிழமை போன் வந்தது.

“அண்ணே, ஃபோட்டோஷாப் தானா மூடிக்குது. ஒரு ஜிப் ஃபைலைப் பிரிச்சேன், கெட்டுப்போன ஃபைல்னு வருது. அதே ஃபைல் பழைய லேப்டாப்ல நல்லாப் பிரியுது.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கலக்கியது. ஃபோட்டோஷாப் மூடிக்கொள்ள நூறு காரணம் இருக்கலாம். ஆனால் ஒரே ஃபைல் ஓர் இயந்திரத்தில் சரியாகவும் இன்னொன்றில் தப்பாகவும் பிரிகிறது என்றால், நடுவில் எங்கோ 0 என்பது 1 ஆகிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது ராம். ஜிப் ஃபைலுக்குள் சரிபார்ப்பு எண் இருப்பதால் தவறு வெளியே தெரிந்தது. கேமரா கார்டிலிருந்து நகலெடுக்கும் கல்யாணப் படங்களுக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. நகல் முடிந்தது என்று வரும்; உள்ளே ஒரு பிட் புரண்டிருந்தாலும் கணினி வாய் திறக்காது. “எந்தக் கார்டையும் அழிக்காதே, புதுக் கணினியில் இனி ஒரு படமும் ஏற்றாதே” என்று சொல்லிவிட்டு, அந்த வாரக் கடைசியில் மறுபடி பஸ் ஏறினேன்.

அங்கே நாங்கள் எடுக்க வேண்டியிருந்த முடிவு, புதுக் கணினி கட்டுகிற பலரும் எடுக்க வேண்டியிருப்பதுதான். ராமைக் கடையில் கொடுத்து மாற்றுவதா? வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பதா? பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்), வோல்டேஜ் என்று உள்ளே இறங்கிச் சரிசெய்வதா? மூன்றுமே சரியான மருந்துகள்தான், ஆனால் வேறு வேறு நோய்க்கு.

கெடு எத்தனை நாள்?

பழைய கணினியில் ராம் கெட்டால் அவசரம் இல்லை. புதுக் கணினியில் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கிய சில நாட்களுக்குள் பழுது என்று காட்டினால் பல கடைகள் கையோடு மாற்றித் தருகின்றன. இணையத்தில் வாங்கினாலும் திருப்பி அனுப்ப ஒரு கெடு உண்டு. அது தாண்டிவிட்டால் வாரண்டிதான் வழி. ராமுக்கு வாரண்டி நீளமானது, ஆயுட்கால வாரண்டி என்றே பல கம்பெனிகள் போடுகின்றன. ஆனால் ஸ்டிக்கை அனுப்பி, அவர்கள் சோதித்து, மாற்று வரும்வரை கணினி சும்மா கிடக்கும். சென்னையில் வாங்கி மதுரையில் வைத்திருப்பவருக்குக் கூரியர் நாளும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் முதல் வேலையாகப் பில்லை எடுத்துக் கெடு என்றைக்கு முடிகிறது என்று பாருங்கள். மீதியிருக்கும் நாட்களில் பாதியைத்தான் சோதனைக்குக் கொடுக்கலாம் என்பது என் கணக்கு. வோல்டேஜை இழுத்துப் பார்ப்பதில் சுவாரஸ்யம் வந்துவிட்டால் இரண்டு வாரம் எப்படிப் போனது என்றே தெரியாது. அதற்குள் மாற்றுகிற கதவு மூடியிருக்கும்.

பணத்தைத் திரும்ப வாங்குவதா, பொருளை மாற்றுவதா என்று கேட்டால், இப்போது பொருள்தான். 2025-ன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரிக்கே சிப் கம்பெனிகள் முன்னுரிமை கொடுத்தன. அந்த டிசம்பரில் மெமரி சிப் கம்பெனியான மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் நடத்திய நுகர்வோர் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. விலை ஏறும் காலத்தில் பழைய பில் தொகையைக் கையில் வாங்கினால், அதே கிட்டை (சேர்த்து விற்கும் ஸ்டிக் ஜோடியை) அந்தத் தொகைக்குத் திரும்ப வாங்க முடியாது.

இயல்பு வேகத்திலும் பிழை வருகிறதா?

எந்த வழி என்று தீர்மானிக்க இந்த ஒரு கேள்விக்கு விடை வேண்டும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருந்தாலும், ஸ்டிக்கைப் பொருத்தியதும் அது அந்த வேகத்தில் ஓடாது. ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த இயல்பு வேகத்தில், பெரும்பாலும் 4800-ல், 1.1 வோல்ட்டில் தொடங்கும். 6000 வேகம், சிஎல்30 (கேட்டதிலிருந்து முதல் தரவு வர எத்தனை கிளாக் துடிப்பு என்ற டைமிங்), 1.35 வோல்ட் என்பதெல்லாம் ஸ்டிக்குக்குள் எழுதி வைத்த ஒரு தனி அமைப்பு. இன்டெல் பக்கம் அதற்கு எக்ஸ்எம்பி என்று பெயர், ஏஎம்டி 2022-ல் ரைசன் 7000 வரிசையோடு கொண்டுவந்தது எக்ஸ்போ. பயாஸில் அதை ஆன் செய்தால்தான் விளம்பர வேகம் வரும். சுருக்கமாகச் சொன்னால் அது தொழிற்சாலையே எழுதிக் கொடுத்த ஓவர்கிளாக், அதாவது இயல்பைத் தாண்டிய வேகம்.

இதில் யார் எதற்குப் பொறுப்பு என்று பாருங்கள். ரைசன் 7000 ப்ராசஸருக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம், இரண்டு ஸ்டிக் போட்டால் 5200. ராம் கம்பெனி 6000 ஓடும் என்கிறது, அந்த ஒரு கிட்டுக்கு மட்டும். மதர்போர்டு கம்பெனி தான் சோதித்துப் பார்த்த ராம்களின் பட்டியலைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. உங்கள் கிட் அதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மூன்றையும் சேர்த்து ‘உங்கள் மேஜையில் 6000 ஓடும்’ என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எக்ஸ்போ ஆன் செய்தால் மட்டும் பிழை வருகிறது என்றால், கடைக்காரர் ‘ஸ்டிக்கில் பழுதில்லை’ என்று சொல்வதில் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இயல்பு வேகத்திலேயே பிழை வந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே பயாஸில் எல்லாவற்றையும் இயல்பு நிலைக்குக் கொண்டுபோய், எக்ஸ்போவை அணைத்து, முதல் சோதனையை அப்படி ஓட்டுங்கள். அதில் பிழை வந்தால் உங்களுக்கு வேறு வேலை இல்லை, எது கெட்டது என்று கண்டுபிடித்து மாற்றுவது ஒன்றுதான். இயல்பில் சுத்தமாக ஓடி, எக்ஸ்போவில் மட்டும் விழுந்தால்தான் உண்மையான தேர்வு உங்கள் கையில் வருகிறது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏஎம்5 மதர்போர்டில் (ரைசன் 7000 உட்காரும் சாக்கெட் உள்ளது) முதல் தடவை பவர் போட்டதும் திரை இருட்டாகவே இருக்கும், போர்டில் ராம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அது பழுது இல்லை. ப்ராசஸர் ஒவ்வொரு ஸ்டிக்கோடும் நேரம் ஒத்துப்போகப் பழகிக்கொள்கிறது, மெமரி ட்ரெயினிங் என்பார்கள். பல நிமிடம் ஆகலாம், ராம் கூடக் கூட நேரமும் கூடும். பயந்துபோய் நடுவில் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கால் மணி நேரமாவது விட்டுவிடுங்கள். அப்புறமும் இருட்டு என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

எதை வைத்துச் சோதிப்பது?

விண்டோஸிலேயே ஒரு மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. தொடங்க எளிது, மொத்தமாகக் கெட்ட ஸ்டிக்கைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் அது ‘பிழை இல்லை’ என்று சொன்னதை நம்பி ஒரு முடிவும் எடுக்காதீர்கள். எங்கள் விஷயத்தில் அது இரண்டு முறையும் பிழை இல்லை என்றுதான் சொன்னது.

அடுத்த படி பென்டிரைவிலிருந்து நேராகத் தொடங்கும் சோதனைகள். மெம்டெஸ்ட்86, மெம்டெஸ்ட்86 பிளஸ் என்று இரண்டு உண்டு. ஒரே மூதாதையரின் இரண்டு கிளைகள். முதலாவது பாஸ்மார்க் கம்பெனியுடையது, இலவசப் பதிப்பு 4 சுற்றோடு நின்றுவிடும். இரண்டாவது திறமூலம், சுற்றுக்குக் கணக்கில்லை. பல வருடம் தேங்கிக் கிடந்த அது, 2022-ல் வந்த 6.0 பதிப்பில் புதிதாக எழுதப்பட்டு இன்றைய போர்டுகளிலும் டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ராமிலும் ஓடத் தொடங்கியது. நான் இரண்டாவதை எடுத்தேன், ராத்திரி முழுக்க விட்டுவிடலாம் என்பதற்காக. இவற்றின் பெரிய நன்மை, விண்டோஸ் ஏறாததால் ராமின் ஏறக்குறைய முழுப் பரப்பையும் தொட முடிகிறது. டிரைவர் குழப்பம், விண்டோஸ் குழப்பம் எதுவும் நடுவில் வராது. 64 ஜிபிக்கு ஒரு சுற்று முடியவே சில மணி நேரம் பிடிக்கும். மாலையில் தொடங்கிவிட்டுத் தூங்கப் போங்கள்.

ஒரு பிழை வந்தாலும் பிழைதான். ‘64 ஜிபியில் ஒன்றுதானே’ என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ளக் கூடாது.

ஆனால் இவற்றுக்கும் ஒரு குறை உண்டு. ஸ்டிக்கில் நிரந்தரப் பழுது இருக்கிறதா என்பதற்கு நல்ல சோதனை. ‘6000 வேகத்தில் உறுதியாக நிற்கிறதா’ என்பதற்குப் போதாது. ப்ராசஸரும், அதற்குள் இருந்து ராமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலரும் முழு வேலையில் திணறும்போது வரும் பிழைகளை இவை தவறவிடும். அதற்கு விண்டோஸுக்குள் ஓடும் டெஸ்ட்மெம்5, ஒய்-க்ரஞ்சர், ப்ரைம்95-ன் பெரிய அளவுச் சோதனை போன்றவை வேண்டும். காசு கொடுக்கத் தயார் என்றால் கார்ஹு ராம் டெஸ்ட்டும் உண்டு. ஸ்டிக் நல்லதா என்று அறிய முதல் வகை, வேகம் நிற்குமா என்று அறிய இரண்டாம் வகை. இரண்டாம் வகையை ஓட்டும் விண்டோஸைப் பிறகு அழித்துப் புதிதாகப் போட்டுவிடுங்கள். தடுமாறும் ராமில் ஓடிய விண்டோஸில் எந்த ஃபைல் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

டிடிஆர்5-ல் இசிசி என்ற பிழை திருத்தும் வசதி இருக்கிறதே, பிழை தானாகவே சரியாகிவிடாதா என்று என் தம்பி கேட்டான். பலருக்கும் இந்த எண்ணம் இருக்கிறது. அது சிப்புக்கு உள்ளே மட்டும் நடக்கும் திருத்தம். செல்லில் ஒரு பிட் புரண்டால் சிப்பே சரிசெய்துகொள்ளும். ஸ்டிக்கிலிருந்து ப்ராசஸருக்குப் போகும் வழியில் பிட் புரண்டால் அதற்குத் தெரியாது. வேகத்தைக் கூட்டும்போது பிழை பிறப்பது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

ஸ்டிக்கா, ஸ்லாட்டா, சாக்கெட்டா?

பிழை வந்துவிட்டது என்றால் எதை மாற்றுவது? இங்கே அவசரப்பட்டால் நல்ல ஸ்டிக்கைக் கடையில் கொடுத்துவிட்டுக் கெட்ட போர்டோடு வீட்டுக்கு வருவீர்கள்.

ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஏ2 ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு அதே ஸ்லாட்டில் அடுத்த ஸ்டிக். பிழை ஸ்டிக்கோடு சேர்ந்து பயணம் செய்தால் கெட்டது ஸ்டிக். எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் அதே ஸ்லாட்டில்தான் பிழை என்றால், போர்டையோ ப்ராசஸரையோ பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பிழைத் திரையைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கடையில் அந்தப் படம் பேசும்.

ஒரே சேனலின், அதாவது ப்ராசஸருக்கும் ராமுக்கும் நடுவிலுள்ள ஒரே தரவு வழியின், ஸ்லாட்டுகள் இரண்டுமே (ஏ1, ஏ2 அல்லது பி1, பி2) ராமைக் கண்டுகொள்ளவில்லை என்றால் ராமைக் குறை சொல்லாதீர்கள், கூலரைக் கழற்றுங்கள். ஏஎம்5-லும் இன்டெல்லிலும் பின்கள் சாக்கெட்டில் இருக்கின்றன. ஏஎம்5-ல் மட்டும் 1718 பின். ஒன்று வளைந்தாலும், கூலர் திருகை ஒரு பக்கம் மட்டும் முறுக்கியதில் அழுத்தம் சாய்ந்தாலும், ஒரு சேனலே காணாமல் போகும். பின் வளைந்த போர்டை வாரண்டியில் மாற்றித் தரப் பெரும்பாலும் ஒப்புக்கொள்வதில்லை. அதனால் போர்டை வாங்கியதும், ப்ராசஸரை வைப்பதற்கு முன்பே, சாக்கெட்டை வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது என் பழக்கம்.

ஸ்டிக் இரண்டு போட்டால் ஏ2, பி2 ஸ்லாட்டுகளில், அதாவது இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். பெரும்பாலான போர்டுகளில் கம்பி முதல் ஸ்லாட்டைத் தொட்டுவிட்டு இரண்டாவதில் முடிகிறது. முதலாவதில் மட்டும் போட்டால் மீதிக் கம்பி வால் போலத் தொங்கும், அதில் மோதித் திரும்பும் சமிக்ஞை நல்ல சமிக்ஞையைக் குழப்பும். ஸ்லாட்டின் ஒரு பக்கம் மட்டும் கொக்கி இருக்கும் போர்டுகளில், கொக்கி இல்லாத பக்கம் முழுதாக இறங்கியதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். புதுக் கணினியின் ராம் தகராறுகளில் ஸ்டிக்கை எடுத்து மறுபடி அழுத்திப் போட்டதும் தீர்ந்தவற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது தேர்வு

இயல்பு வேகத்தில் ஒரு ஸ்டிக் விழுகிறது என்றால் மாற்றுங்கள், அவ்வளவுதான். கிட்டாக வாங்கியதைக் கிட்டாகவே கொடுங்கள். இரண்டும் சேர்த்துச் சோதித்து விற்கப்பட்டவை, ஒன்றை மட்டும் மாற்றினால் அந்தப் பொருத்தம் போய்விடும். கெட்ட முகவரிகளை மட்டும் ஒதுக்கச் சொல்லி லினக்ஸிலும் விண்டோஸிலும் அமைக்க முடியும். வாரண்டி முடிந்த பழைய இயந்திரத்துக்கு அது கைகொடுக்கும். புதுக் கணினிக்கு அந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எக்ஸ்போவில் மட்டும் விழுந்தால் முதலில் பயாஸ் அப்டேட். ஏஎம்5 போர்டுகளில் ராம் ஒத்துப்போவது அப்டேட்டுக்கு அப்டேட் தேறியிருக்கிறது, செலவும் இல்லை. ஒரு எச்சரிக்கை: எக்ஸ்போவை அணைத்து இயல்பு வேகத்துக்கு வந்த பிறகே அப்டேட் செய்யுங்கள். புரளும் ராமில் பயாஸ் எழுதப்பட்டால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம். பென்டிரைவை மட்டும் செருகி எழுதும் ஃப்ளாஷ்பேக் பட்டன் போர்டில் இருந்தால் அதுவே பாதுகாப்பு.

அதிலும் தீரவில்லை என்றால் இரண்டு வழி, குறைப்பது அல்லது தோண்டுவது. குறைப்பதில் எவ்வளவு இழக்கிறோம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 6000 சிஎல்30 என்றால் முதல் பதில் வர 10 நானோ விநாடி. அதே டைமிங்கோடு 5600-க்கு இறங்கினால் 10.7. தரவு போகும் அகலம் இரண்டு சேனலில் விநாடிக்கு 96 ஜிபியிலிருந்து 89.6 ஆகிறது. ஆல்பம் வடிவமைப்பவர் இதை உணரவே மாட்டார். எக்ஸ்போவை முழுதாக அணைத்து 4800 சிஎல்40-க்குப் போனால்தான் வித்தியாசம் பெரிது: 16.7 நானோ விநாடி, 76.8 ஜிபி. அதனால் எக்ஸ்போ சரிப்படவில்லை என்று ஒரேயடியாக அணைத்துவிடாதீர்கள். எக்ஸ்போவை ஆன் செய்து, வேகத்தை மட்டும் கையால் 5800, 5600 என்று இறக்கிச் சோதியுங்கள். காசும் போகாது, கஷ்டமும் இல்லை.

தோண்டும் வழி, அதாவது வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்ப்பது, நேரமும் ஆர்வமும் உள்ளவர்களுக்கு. அதிலும் ஒரு எல்லையைத் தாண்டவே கூடாது. ராமுக்காக ஏற்றும் எஸ்ஓசி வோல்டேஜ், அதாவது ப்ராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதியின் வோல்டேஜ், 1.3-ஐத் தாண்டக் கூடாது. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில சாக்கெட்டோடு கருகியதற்குப் பிறகு ஏஎம்டியே பயாஸ் வழியாகப் போட்ட வரம்பு அது. உங்கள் போர்டில் அதற்கு முந்தைய பயாஸ் இருந்தால் எக்ஸ்போவைத் தொடும் முன்பே அப்டேட் செய்துவிடுங்கள். அடுத்தவர் வீட்டுக் கணினிக்குத் தோண்டும் வழி சரிப்படாது என்பது என் எண்ணம். உங்கள் மேஜையில் உள்ளதை நீங்கள் ஆறு மாதம் கழித்தும் திருத்தலாம். தம்பி கணினிக்கு ஒவ்வொரு முறையும் மதுரைக்குப் போக முடியுமா?

நான்கு ஸ்டிக் என்ற சிக்கல்

மதுரையில் நாங்கள் கண்டுபிடித்தது இதுதான். 16 ஜிபி இரண்டு கொண்ட கிட் இரண்டு வாங்கியிருந்தோம், ஒரே கம்பெனி, ஒரே மாடல். எந்தக் கிட்டைத் தனியாகப் போட்டாலும் 6000-ல் ஒரு பிழை இல்லை. நான்கையும் சேர்த்து எக்ஸ்போ ஆன் செய்தால் மெம்டெஸ்ட் பத்து நிமிடத்தில் சிவப்பாகிவிடும். எக்ஸ்போவை அணைத்தால் போர்டு தானாகவே 3600-க்கு இறங்கி, ராத்திரி முழுக்கச் சுத்தமாக ஓடியது.

அந்த 3600 பழுதின் அறிகுறி இல்லை. ரைசன் 7000-ல் நான்கு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ வேகமே 3600-தான். ஒரே சேனலில் இரண்டு ஸ்டிக்கை ஓட்டுவது மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை. டிடிஆர்5-ன் வேகத்தில் அந்தச் சுமை இன்னும் தெரிகிறது. டிடிஆர்4 காலத்தில் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பிப் பழகிய கை எனக்கு. அந்தப் பழக்கத்தில்தான் இரண்டு கிட் வாங்கினேன், தப்பு என்னுடையது. இரண்டு கிட்டுகளும் ஒரே மாடலாக இருந்தாலும் நான்கும் சேர்ந்து ஓடும் என்று அந்தப் பெட்டிகளில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. அப்படியே 3600-ல் விட்டுவிடலாம்: விநாடிக்கு 57.6 ஜிபி, உறுதியான வேகம், அதிகாரபூர்வமானது. கையால் ஏற்றிப் பார்க்கலாம். அல்லது நான்கையும் கொடுத்துவிட்டு 32 ஜிபி ஸ்டிக் இரண்டு கொண்ட ஒரே கிட் வாங்கலாம். கையால் ஏற்றுவதற்கு ஒரு நாள் கொடுத்தேன். 5200 மெம்டெஸ்ட்டில் தேறியது, ஒய்-க்ரஞ்சரில் முக்கால் மணி நேரத்தில் விழுந்தது. 4800 எல்லாவற்றிலும் தேறியது.

4800-ல் நிறுத்தியிருந்தாலும் தப்பில்லை. கெடு முடிந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அவன் அறையில் ஏசி கிடையாது, கணினி மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிறது, நாங்கள் சோதித்தது ஜனவரியில். ராம் செல் என்பது மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் ஒரு சின்னக் கிண்ணம். சூடு ஏற ஏற அது வேகமாகக் கசியும். டிடிஆர்5-ல் பவரைச் சீராக்கும் சிப்பும் ஸ்டிக்கிலேயே இருக்கிறது, அதன் சூடு வேறு. பக்கத்தில் கிராஃபிக்ஸ் கார்டு வீடியோவை ரெண்டர் செய்யும்போது நான்கு ஸ்டிக்கும் நெருக்கி நின்றால் நடு ஸ்டிக்குகளுக்குக் காற்றே போகாது. மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருப்பதால் இந்தச் சூடு சோதனையில் வராது. மே மாத மதியம் மூன்று மணிக்கு அந்த 4800 என்ன செய்யும் என்று ஜனவரியில் உறுதி சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உங்கள் கணினியில் ஸ்டிக்கின் சூட்டை ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற நிரல் காட்டும். கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.

இன்டெல்லில் கட்டியவர்களுக்கும் நான்கு ஸ்டிக் சுமைதான், அளவுதான் வேறு. அவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 13, 14-ஆம் தலைமுறை மேல்வரிசை ப்ராசஸர்களில் வோல்டேஜ் கோளாறால் வந்த தடுமாற்றம் ராம் பிழை போலவே இருந்தது: கேம் தொடங்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று வரும், ஃபைல் பிரிக்கும்போது பிழை வரும். பலர் ராமை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 2024 ஆகஸ்டில் இன்டெல் மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் நிரல்) திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. அந்த ப்ராசஸர் என்றால் ராமுக்குப் போகும் முன் பயாஸை அப்டேட் செய்யுங்கள். ஏற்கெனவே தேய்ந்துவிட்ட ப்ராசஸரை அந்தத் திருத்தம் மீட்டுத் தராது, அதை வாரண்டியில்தான் மாற்ற வேண்டும்.

நாங்கள் மூன்றாவது வழியை எடுத்தோம். கடையில் உண்மையையே சொன்னேன்: ஸ்டிக்கில் பழுது இல்லை, நான்கு சேர்ந்து ஓடவில்லை, இதோ சோதனைப் படங்கள். மாற்றித் தர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பெட்டி, பில் எல்லாம் சரியாக இருந்ததால் வித்தியாசத் தொகையை வாங்கிக்கொண்டு, போர்டின் பட்டியலில் இருந்த 32 ஜிபி இரண்டு கொண்ட கிட்டைக் கொடுத்தார்.

மதுரையில் அதை ஏ2-விலும் பி2-விலும் போட்டு எக்ஸ்போ ஆன் செய்தோம். மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி, அடுத்த நாள் டெஸ்ட்மெம்5 மூன்று மணி நேரம், பிறகு ஒய்-க்ரஞ்சரும் வீடியோ ரெண்டரும் ஒரே நேரத்தில், ஜன்னலை மூடி ஃபேனை அணைத்து. ஒரு பிழை இல்லை. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டோம். முதல் வாரத்தில் நகலெடுத்திருந்த இரண்டு கல்யாணத்துப் படங்களையும் தூக்கிவிட்டு, அழிக்காமல் வைத்திருந்த கார்டுகளிலிருந்து மறுபடி ஏற்றி, கார்டில் உள்ளதோடு ஹாஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) ஒப்பிட்டுப் பார்த்தோம். எல்லாம் பொருந்தியது. “இப்பக் கார்டை அழிக்கலாமா அண்ணே?” என்றான். அழிக்கலாம் என்றேன்.